எனக்குக் கமலா என்று மகள் இல்லை

என் மகள் பேர் மல்லிகா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனிமேல் சொல்லப் போவதெல்லாம் அந்த ஒரு பேரைப் பற்றித்தான். மற்ற ஆட்களின் பேரை எழுதப் போவதில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். செத்தவர்களிடம் போய்க் கேட்க முடியாது.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் மல்லிகாதான். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அவள் பாட்டுக்குத் திருத்திக்கொள்கிறாள். பேச்சைத் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவள் பிறந்தது ஆடி மாதம். இலங்கை மலைநாட்டில் வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். ஆடிக் காற்று நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துத் தகரத்தைத் தூக்கிவிடும் என்று எல்லார் கூரை மேலும் கல் ஏற்றி வைத்திருப்போம். அன்றைக்குக் கல்லையும் சேர்த்து உருட்டிக்கொண்டிருந்தது. என் மனைவிக்கு மத்தியானம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வர வழியில்லை, பாதையில் மண் சரிந்து கிடந்தது. தோட்டத்து மருந்துக் கொட்டிலில் பிரசவம் பார்க்கிற ஒரு சிங்கள அம்மா இருந்தார். மிஸ்ஸி என்போம். ஆள் அனுப்பினோம். அந்த மழையில் இரண்டு மைல் நடந்து வந்தார். கையில் இருந்த குடையில் கம்பி மட்டும்தான் மிச்சம்.

பிள்ளைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நீலமாக வந்தது, அழவில்லை. மிஸ்ஸி தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். தட்டிக்கொண்டே தமிழிலும் சிங்களத்திலும் "அழு, அழு" என்றார். பிள்ளை அழுத பிறகு எங்கள் காம்பரா என்கிற ஒற்றை அறையின் மண் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு பால் விடாத வெறுந்தேத்தண்ணி குடித்தார். அப்போது என் மனைவி படுத்த வாக்கிலேயே கேட்டாள்.

"மிஸ்ஸி, ஒங்க பேரு என்னாங்க?"

ஆறு வருசமாக அந்த அம்மா எங்கள் தோட்டத்தில் இருந்தார். எத்தனையோ பிள்ளைகள் அவர் கையில்தான் விழுந்தன. பேர் என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை, நானும்தான். மிஸ்ஸிக்கு ஒரு பேர் இருக்கும் என்கிற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. பின்னால் சொல்லப் போகிற சண்டையில் நான் ஒன்றும் சுத்தமான ஆள் இல்லை என்பதற்காக இதையும் எழுதச் சொல்கிறேன்.

"மல்லிகா" என்றார். அந்தப் பேரையே பிள்ளைக்கு வைத்தோம்.

என் மாமியார் குதித்தார். "கொலசாமி பேரு இருக்கையில சிங்களத்தி பேர வைக்கிறியா? சாமி கோவிச்சுக்காதா?"

"சாமி மழைக்குப் பயந்து வழியில நின்னுருச்சு அத்தை. இந்தம்மா நடந்து வந்தாங்க" என்றேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் மாமியார் என்னோடு பேசவில்லை.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை சிரித்தார். "தேயிலக் காட்டுல ஏதுடா மல்லிக? இந்தக் குளிருக்கு கேரட்டு வரும், லீக்ஸ் வரும். லீக்ஸுன்னு வைய்யி."

அவர் சொன்னது ஒருவகையில் சரிதான். எங்கள் பக்கம் மல்லிகை பூக்காது. தேருக்குக் கட்டுகிற பூவெல்லாம் கீழே சூடான ஊர்களிலிருந்து பஸ்ஸில் வரும். ஆனாலும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. கம்பளைப் பக்கம் போனபோது ஒரு பதியன் வாங்கிவந்து, தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் நட்டேன். நாற்பது வருசத்தில் ஒரு பூ பூத்ததில்லை. இலை மட்டும் விட்டுக்கொண்டே இருக்கிறது. என் மனைவி அதன் மேல் துணி காயப் போடுகிறாள்.

லீக்ஸ் பேச்சுக்குப் பிறகு, இந்தப் பேர் யாருடையது என்று பார்த்தவரை எல்லாம் கேட்க ஆரம்பித்தேன். கோயில் பூசாரி, "சமஸ்கிருதம்பா, மந்திரத்துலயே வரும்" என்றார். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் அடிக்க வருகிற மாதிரி, "தமிழ்ப் பூ, தமிழ்ப் பேரு, எவன் சொன்னான் சமஸ்கிருதம்னு?" என்றார். தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் கேட்டேன். அவர் சீலையை மடித்துக்கொண்டே சொன்னார். "மலிக்கான்னு எங்கள்லயும் பேர் ஈக்கி. அரபில அது ராணி. அது வேற, ஒங்கட பூ வேற. ஒங்கட பூவுக்கு எங்கட ஆக்கள் வைக்கிற பேரு யாஸ்மின். எண்ட மூத்த மகள் யாஸ்மின்தான். அப்ப ஒங்கட மகளும் எண்ட மகளும் ஒரே பேரு." பிள்ளைக்குச் சட்டை என்று ஒரு முழம் துணியைச் சும்மா கிழித்துக் கொடுத்தார்.

மிஸ்ஸியிடமும் கேட்டேன். அவர் ஒரு கதை சொன்னார். புத்தர் காலத்தில் பூக்கட்டி விற்கிற ஒருவருக்கு ஒரு மகள் இருந்தாளாம். பூந்தோட்டத்தில் அவளைப் பார்த்த ராசா கூட்டிக்கொண்டுபோய் ராணியாக்கினாராம். அந்த ராணி பேர்தான் மல்லிகாவாம். அதனால் சிங்களவர்கள் வைக்கிறார்களாம். "அவங்க ராணி, நான் மிஸ்ஸி, ஒங்க மக என்னா ஆகுதோ பாப்போம்" என்றார். பிறகு வேறு இடத்துக்கு மாற்றல் ஆகிப் போனார். இருக்கிறாரோ இல்லையோ, தெரியாது.

இவள் ராணியும் ஆகவில்லை, மிஸ்ஸியும் ஆகவில்லை. பதினெட்டு வயதில் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அப்போது ஒன்று நடந்தது. ரோட்டோரத்து மலையில் கொழுந்து எடுக்கும்போது ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு வேனை நிறுத்திப் படம் பிடித்து, பேர் கேட்டிருக்கிறாள். கூட வந்த வழிகாட்டி விளக்கியதும் துள்ளிக் குதித்தாளாம். அவள் பேர் ஜாஸ்மின். நானா சொன்ன யாஸ்மின்தான் அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது என்று வழிகாட்டி சொன்னானாம். அவள் இவளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்து, அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். படம் வரவில்லை.

இவள் பின்னாலேயே அந்தக் கொழுந்துக் கூட்டத்துக்கு இன்னும் மூன்று மல்லிகா வந்தார்கள். மிஸ்ஸி கையில் பிறந்த பிள்ளைகள் பலருக்கு அதற்குப் பிறகு அந்தப் பேரையே வைத்துவிட்டார்கள், நாங்கள் ஆரம்பித்து வைத்த வேலை. இவளோடு நான்கு. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் "மல்லிகா!" என்று கூப்பிட்டால் நான்கு கூடை திரும்பும். அதனால் மேட்டு லயத்து மல்லிகா, தொங்கல் லயத்து மல்லிகா, பல்லு மல்லிகா, நெட்ட மல்லிகா என்று ஆனது. என் மகள் நெட்டை. இருபது வருசம் அப்படித்தான் ஓடியது. நீ பேரை விடு, நான் வைத்துக்கொள்கிறேன் என்று ஒருத்தி ஒருத்தியிடம் கேட்டதில்லை. எங்களிடம் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் சொல்லுவோம். கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் போடுவார்கள். அந்த அரைப் பேருக்கே மடுவத்தில் தொண்டை கிழியச் சண்டை போடுகிற சனங்கள் நாங்கள்.

கல்யாணம் கட்டிக் கொடுத்தோம். அது சரிவரவில்லை, திரும்பி வந்துவிட்டாள். அதைப் பற்றி எழுத மாட்டேன் என்கிறாள். சரி.

நாற்பது வயதில் இவளுக்குத் தோள்பட்டை போய்விட்டது. கையைத் தூக்கினால் அலறுவாள். கொழும்பில் ஒரு சிங்கள வீட்டில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று பக்கத்துக் காம்பராப் பொண்ணு சொன்னாள். அவளே அந்த வீட்டில் நான்கு வருசம் இருந்துவிட்டு, தாய்க்குச் சுகமில்லை என்று வந்தவள். வீட்டுக்கார அம்மாவை நோனா என்பார்கள். நல்ல நோனா, கை நீட்டாத நோனா என்றாள். மல்லிகா போனாள்.

போன் இவளிடம் இருந்தது, ஆனால் வேலை முடிந்து பொழுதுபட்ட பிறகுதான் எடுக்கலாம். ஒருநாள் பகலில் எனக்கு மனசு கேட்கவில்லை. இவள் இருமலோடு போயிருந்தாள். அந்த வீட்டு நம்பரை எழுதி வைத்திருந்த துண்டை எடுத்து, பக்கத்துக் காம்பராப் பொண்ணைப் பிடித்துப் போன் அடிக்கச் சொன்னேன். பொம்பளைக் குரல் எடுத்தது.

"மல்லிகா இன்னவாத?" என்றேன். மல்லிகா இருக்கிறாளா என்று.

"ஒவ், மம தமய்" என்றது குரல். ஆமாம், நான்தான் என்று.

அந்த வீட்டில் இருந்து என் மகளும் சிங்களத்தில் பேசப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன். குரலும் கரகரவென்று இருந்தது. "ஏ புள்ள, இன்னும் இருமலா? தொண்ட இப்புடிக் கெடக்கு! கொத்தமல்லிய அவிச்சுக் குடின்னு அம்மா எத்தன தடவ சொன்னா? நெஞ்சுல தைலம் தேச்சியா இல்லியா? வாயத் தொறந்து சொல்லு!" என்று திட்டித் தீர்த்தேன்.

யார் இது என்று சிங்களத்தில் கேட்டது. அப்பா என்றேன். யாருடைய அப்பா என்றது. மல்லிகாவுடைய அப்பா என்றேன். மல்லிகா நான், என் அப்பா செத்துப் பதினைந்து வருசம் என்றது. அதற்குப் பிறகு அதுவே யோசித்து, "ஆ, கமலாவோட அப்பாவா?" என்றது.

எனக்கு விளங்கிவிட்டது. எங்களுக்கு முன்னால் எந்தத் துரை நின்றாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுதான் எனக்குப் பழக்கம். அன்றைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"மட்ட கமலா கியலா துவெக் நே" என்றேன். எனக்குக் கமலா என்று மகள் இல்லை. போனை வைத்துவிட்டேன்.

பக்கத்துக் காம்பராப் பொண்ணு தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "ஒன்னயும் கமலான்னுதான் கூப்புட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா மாமா."

"அப்ப அது ஒம் பேரு இல்லியே."

"எனக்கு முன்னுக்கு பண்டாரவளைக்காரி ஒருத்தி இருந்தாளாம். அவ பேராம். வந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க, எங்களுக்கு வாயில பழகிப்போச்சுன்னு. எம் பேரு அவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது மாமா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

அந்தப் பண்டாரவளைக்காரிக்காவது அது சொந்தப் பேரா, அவளுக்கும் முன்னால் ஒருத்தி இருந்தாளா, யாருக்குத் தெரியும்? குசினியில் ஆணியில் தொங்குகிற துண்டு மாதிரி, வருகிறவள் எடுத்துக் கட்டிக்கொள்ள ஒரு பேர்.

பொழுதுபட்டு மல்லிகா பேசினாள். "என்னாப்பா பண்ணுனீங்க? நோனா மொகமே சரியில்ல."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னாத்தச் சொல்ல? அவங்க பேரும் எம் பேரும் ஒண்ணு. ஒரு வீட்டுல ரெண்டு பேரு இருந்தா கொழப்பமாம். பேருதானப்பா. சாப்பாடு ஒழுங்கா குடுக்குறாங்க, தோளு வலிக்கு மருந்து வாங்கித் தர்றாங்க."

"மடுவத்துல நாலு பேரு இருந்தீங்களே, கொழம்புச்சா?"

தூக்கம் வருகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் ரயில் ஏறினேன். என் மனைவி வாசலில் நின்று, "போயிக் கத்துனா கொழும்பு இடிஞ்சு விழுந்துருமா? வெறுங்கையோட போகாதீங்க" என்று ஒரு பை லீக்ஸும் பீட்ரூட்டும் கட்டிக் கொடுத்தாள். சண்டைக்குப் போகிறவன் மரக்கறி தூக்கிக்கொண்டு போனேன்.

பெரிய கேட். மணி இருந்தது, நான் அமுக்கவில்லை. ரோட்டில் நின்று, மலையில் கூப்பிடுகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன்.

"மல்லிகாஆ!"

மேல்மாடிக் கதவு திறந்து ஒரு வயதான அம்மா எட்டிப் பார்த்தார். பக்கத்துச் சந்திலிருந்து என் மகள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரம்.

"ரெண்டு பேரும் வந்துட்டீங்க. என்னா கொழப்பம்?" என்றேன்.

நோனா கீழே இறங்கி வந்தார். நல்ல மனுசிதான், பொய் சொல்லக் கூடாது, நிழலில் நிற்கச் சொன்னார். சிங்களத்தில்தான் பேசினோம். "இது வீடு, ஒங்க தோட்டம் இல்ல. எங்க மாத்தயா 'மல்லிகா, தேத்தண்ணி'ன்னு கேட்டா யாரு போறது?" என்றார். மாத்தயா என்றது அவர் புருசனை.

"தேத்தண்ணி ஊத்தத் தெரிஞ்சவ போவா நோனா."

அவருக்குக் கோபம் வந்தது. "இந்தப் பேர எங்க அம்மா எனக்கு ஆசையா வச்சது."

"இவளுக்கும் ஒரு சிங்கள அம்மா குடுத்த பேருதான்" என்று மிஸ்ஸி மழையில் நடந்து வந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகும், வேலைக்காரியை எப்படி என் பேரால் கூப்பிடுவேன் என்கிற மாதிரிதான் முகம் இருந்தது. அதனால் அடுத்ததையும் சொன்னேன்.

"ஒங்க புத்தர் கோயில் பன்சலையில சொல்லுவாங்களே, அந்த மல்லிகா ராணி. அவ பூக்கட்டி விக்கிறவரோட மக தானே? ராசா கூட்டிட்டுப் போனாரே, பூக்காரன் மகளுக்கு இந்தப் பேரு ஆகாதுன்னு மாத்துனாரா?"

நோனா உள்ளே போய்விட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண் சிவந்து நின்றாள். "யாரு வரச் சொன்னா ஒங்கள? ரோட்டுல நின்னு ஊரக் கூட்டுறீங்க. வேல போச்சுன்னா இந்தத் தோளோட நான் எங்க போவேன்?"

"ஒம் பேரச் சொல்லித்தானேம்மா கூப்புட்டேன்."

"லீக்ஸக் குடுத்துட்டுப் போங்கப்பா."

கொடுத்துவிட்டு வந்தேன். ரயிலில் இடம் இருந்தது, உட்காரப் பிடிக்கவில்லை. அவளுக்கு வேண்டாத பேரை அவள் மேல் நான் ஏற்றுகிறேனா என்று மலைப் பாதை ஏறுகிற மட்டும் யோசித்தேன். வண்டி வட்டகொடையில் நின்றபோது ஒரு முடிவுக்கு வந்தேன். அவள் வேண்டாம் என்றால் அவள் விடட்டும். இன்னொருத்தி விடச் சொல்லக் கூடாது.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. இவள் வந்து சொன்னது.

நான் வந்த மறுநாள் காலையில் நோனா "கமலா" என்று கூப்பிட்டிருக்கிறார். இவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. வேண்டுமென்று செய்யவில்லையாம், கழுத்து திரும்பவில்லையாம். ரோட்டில் நான் கூப்பிட்ட சத்தம் இன்னும் காதில் இருந்ததாம். இரண்டாம் தடவையும் திரும்பவில்லை, அதற்குப் பிறகு வேண்டுமென்றே திரும்பவில்லை. வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குத் தேத்தண்ணி. அந்தப் பேருக்கு மட்டும் ஆள் இல்லை. முதல் நாள் நோனா காது வலியாக்கும் என்று சொட்டு மருந்து கொண்டுவந்து வைத்தாராம். இரண்டாம் நாள் கத்தினாராம். மூன்றாம் நாள் பேசவே இல்லையாம். வேலை போய்விடும் என்று இவள் பையைக் கட்டி வைத்துவிட்டாள்.

நான்காம் நாள் மத்தியானம் மழை. மேல்மாடியில் நோனாவின் வெள்ளைச் சீலைகள் காய்ந்துகொண்டிருந்தன. "கமலா! மழை! துணி!" இவள் குசினியில் நின்று மழையைப் பார்த்தாள். கூடவே கை துடித்ததாம், ஓடிப் போய் எடுக்கச் சொல்லி. போகவில்லை. சீலையெல்லாம் நனைந்தது. நோனா நனைந்துகொண்டு கீழே வந்து குசினி வாசலில் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மல்லிகா" என்றார்.

"என்னா நோனா?" என்று இவள் உடனே திரும்பினாள். முதலில் துண்டை எடுத்து நோனாவின் தலையைத் துவட்டினாள், பிறகு மேலே ஓடினாள்.

தன் பேரைச் சொல்லித் தானே ஒருவரைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் என்று நோனா பிறகு சொன்னாராம். யாரோ மாதிரி இருந்தது என்றாராம்.

"வேல போயிருந்தா என்னா பண்ணியிருப்ப?" என்று கேட்டேன்.

"ஒங்க தலையில கல்லப் போட்டுருப்பேன்" என்றாள். அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது திருவிழாவுக்கு லீவில் வந்திருக்கிறாள். இரண்டு நாளாக இதைச் சொல்கிறேன், எழுதுகிறாள். இன்று காலை பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள், போன் இங்கே கிடந்து அடித்தது. எடுத்தேன்.

"மல்லிகா இன்னவாத?"

குரல் எனக்கு உடனே தெரிந்தது. தெரியாத மாதிரி, யார் பேசுவது என்று சிங்களத்தில் கேட்டேன்.

"மல்லிகா" என்றது.

கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறீர்களா என்று விசாரித்தேன். சிரித்தார். என்றைக்குத் திரும்பி வருவாள் என்று கேட்டார். அதை அவளிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். போவதும் போகாததும் அவள் பாடு.

வாசலுக்குப் போய் "மல்லிகா!" என்று கூப்பிட்டேன். பீலிக்கரையில் மூன்று பொம்பளைகள் தலையைத் தூக்கினார்கள். நெட்டையாக இருந்தவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.